பதினாலு மூணு எண்பத்தொம்போது

"கீதா, கவுனுக்கு இஸ்திரி போட்டியா?" என்று செல்லப்பன் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது கீதாஞ்சலி பொங்கி வழிந்த பாலை அடுப்பிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சிப்பா."

"வெள்ளக் கவுனு. ரோசு வேணாம். ரோசுல படம் நல்லா வுழாது."

"வெள்ளதாம்பா."

முப்பத்தாறு வயதுப் பெண்ணைக் கவுன் போட்டுக்கொள்ளச் சொல்கிற அப்பனைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று ஆரம்பத்தில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது, இப்போது இரண்டும் வருவதில்லை. போட்டாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் அடங்கிவிடுவார். கவுனெல்லாம் எப்போதோ கிழிந்துபோனது, நான் பெரியவளாகிவிட்டேன், அம்மா செத்து நாலு வருடம் ஆகிறது என்று விளக்கப்போனால் அன்றைக்கு முழுக்க வீடு ரெண்டுபடும். ஞாபகம் கிட்டத்திலிருந்துதான் முதலில் கழன்றுகொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் தின்ற இட்லி அவருக்கு நினைவில் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் எத்தனை தடவை கொய்யென்று கத்தியது என்று கேளுங்கள், கணக்காகச் சொல்லுவார்.

ஆனால் அன்றைக்கு அவர் கவுன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. படம் எடுக்க ஆள் வருவது உண்மை. பத்து மணிக்குப் புகழ்வேந்தன் என்கிற பையன் கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்தான். பையன் என்றால் இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். 'அன்னிக்கு மேடையில, இன்னிக்கு எங்க?' என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான். பழைய கபடி வீரர், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டினவர், ஒரே ஒரு படத்தில் தலைகாட்டின சின்னப் பிள்ளை என்று தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கிறான். வில்லியனூரில் கீதாஞ்சலி வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்புக்கு இருமல் மருந்து வாங்க வந்தவனிடம், முதலாளி நமச்சிவாயம்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இந்தம்மா யாருன்னு தெரியுமா தம்பி? ஒரு காலத்துல பாண்டிச்சேரியே இதப் பாக்க கூடும்" என்று எடுத்துவிட்டார். அவள் இரண்டு தடவை முடியாது என்றாள். மூன்றாவது தடவை அவன் வந்து நின்றபோது சரி என்றுவிட்டாள்.

பேருக்கும் புகழுக்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. விஷயம் வேறு. தேதி, கிழமை, மேடை என்று யாராவது பேச்செடுத்தால் செல்லப்பனுக்குள் எங்கோ விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு அரை மணி நேரம் மனுஷன் தெளிவாக இருப்பார். அந்த அரை மணி நேரத்துக்குள் அவரிடமிருந்து அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். தான் எந்தத் தேதியில் பிறந்தாள் என்பது.

கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். உலகத்தில் எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று சொல்லுகிறவள், சொந்தப் பிறந்தநாள் தெரியாமல் இருக்கிறாள்.

செல்லப்பன் வில்லியனூரில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகம். விற்காமல் தங்கின பழைய காலண்டர்களை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார், அடுப்பெரிக்க. அம்மா தையலம்மாள் நடவுக்கும் களைக்கும் போய்விட்டால் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் அந்தத் தாள்கள்தான். சிவப்பு எண், கறுப்பு எண். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக் கண்ணையன், தன் கல்யாணம் எண்பத்தஞ்சாம் வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த இது நிமிர்ந்து பார்த்து, "புதன்" என்றது. போய் விசாரித்தால் புதன்தான். செல்லப்பன் அன்று இரவு தூங்கவில்லை என்று பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லுவார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தைப் பருவம் என்று ஒன்று இருந்ததா என்றால், இருந்தது, மேடையில் இருந்தது. பண்டசோழநல்லூர், கரியமாணிக்கம், வில்லியனூர் தேர் சமயம் போட்ட பந்தல், டவுனில் பெரிய பெரிய ஹால். 'வயது நான்கு' என்று நோட்டீசில் போடுவார்கள். தலைமுடியை வளரவிடாமல் கழுத்தோடு வெட்டி, கை புசுபுசுவென்று இருக்கிற வெள்ளைக் கவுனை மாட்டி, மைக் எட்டாததால் நாற்காலிமேல் ஏற்றி நிறுத்துவார்கள். கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து, "ஒண்ணு பதினொண்ணு அம்பத்திநாலு" என்பார். "திங்கள்." "பதினாறு எட்டு அறுபத்திரெண்டு." "வியாழன்." கைதட்டல் காதைப் பிளக்கும். சில பேர் வாய்க்கு வந்த தேதியைக் கேட்காமல், தங்கள் அப்பா செத்த தேதியை, பிள்ளை செத்த தேதியைக் கேட்பார்கள். கிழமை தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்பார்கள், இவள் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பல். 'நான்கு வயது' குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. நாலு வயதில் எந்தக் குழந்தைக்குப் பல் விழும்? செல்லப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். மேடையில் சிரிக்கக் கூடாது. பதில் சொல்லும்போது உதட்டைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும், சொன்னதும் மூடிவிட வேண்டும். குழந்தைதானே, கைதட்டுகிறார்கள் என்றால் சிரிப்பு வந்துவிடும். அதனால் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். இவள் முகம் மலரப் போகிறது என்று தெரிந்தால் போதும், அவருடைய ஆள்காட்டி விரல் எழுந்து உதட்டின்மேல் போய் நிற்கும். இவள் வாய் மூடிக்கொள்ளும். ஒரு பத்திரிகைக்காரர் 'சிரிக்காத சின்ன மேதை' என்றே தலைப்புப் போட்டார். அதை அப்பா சட்டம் போட்டு மாட்டிவைத்தார். புதுப்பல் முளைத்து எத்தனையோ காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் மெடிக்கல் ஷாப்பில் அவளைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ரொம்ப மண்டகனம்" என்று பேசுகிறவர்கள் உண்டு.

பல் கதையிலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தது எட்டு வயதில், அதாவது நோட்டீசுக்காரர்கள் ஆறு என்று போட்டுக்கொண்டிருந்த வருடத்தில். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல அவள் உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து, "இந்த மாதிரி ஒரு வெள்ளிக்கெழமதான், வெளக்கு வெக்கிற நேரம், நீ பொறந்த" என்றாள். மகள் அப்படியே நின்றாள். மேடைக்கு மேடை அப்பா சொல்லுகிற தேதி பதினாலு மூணு எண்பத்தொம்போது. அது செவ்வாய்க்கிழமை. அவளுக்குக் கணக்குப் போடவே வேண்டியதில்லை, தேதியைக் கேட்டதும் கிழமை நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அம்மா சொல்லுவது நிஜமென்றால் அப்பா சொல்லுவது பொய். போய் அப்பாவிடம் கேட்டாள். "உங்கம்மாவுக்கு இன்னா தெரியும்? அவ படிச்சவளா? சீட்டுல இன்னா எழுதியிருக்குதோ அதான் தேதி" என்று ஒரே போடாகப் போட்டார். அம்மாவிடம் திரும்பிவந்து கேட்டாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அம்மாவை அவள் புரிந்துகொண்டதே இல்லை. மேடையில் அப்பா, "பிறந்த தேதி பதினாலு மூணு எண்பத்தொம்போது" என்று ஆரம்பிக்கும்போது கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் போவாள். மார்ச் பதினாலாம் தேதி அப்பா கேக் வாங்கி வருவார், தெருவுக்கே ஒரு துண்டு போகும், அம்மா மட்டும் தொடமாட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நம்மை இவளுக்குப் பிடிக்கவில்லை, நமக்கு வந்த வித்தை இவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அந்தச் சின்ன மனசுக்குத் தோன்றியது. பெரியவளான பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. வரன் பார்க்க ஆரம்பித்தபோது அப்பா அந்தத் தேதிக்கு ஒரு ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தார். திருபுவனைப் பக்கம் நல்ல இடம், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் காலையில் ஜாதக நோட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. "இந்த ஜாதகத்துக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம் கெடையாது" என்று தையலம்மாள் சொன்னாள். வேறு எழுது என்றாள். வேறு எழுதினால் வயது இரண்டு கூடும், பள்ளிக்கூட சர்டிபிகேட்டிலிருந்து சட்டம் போட்ட பேப்பர் வரைக்கும் அத்தனையும் பொய்யாகிவிடும், ஊரில் தலைகாட்ட முடியாது என்றார் அப்பா. இரண்டு பேரும் இறங்கிவரவில்லை. நடுவில் ஆறு வருடம், எட்டு வருடம் என்று போய், வரன் வருவதே நின்றுவிட்டது. இதை நினைத்தால் கீதாஞ்சலிக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அம்மா செத்தபோது அவள் அழுததில் பாதி கோபம்.

வித்தை போன கதை இதைவிடச் சின்னது. வித்தை போகவே இல்லை என்பதுதான் அதில் கொடுமை. பத்தாவது படிக்கும்போது ஒரு விழாவில் வழக்கம்போல யாரோ தேதி கேட்க, இவள் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சனிக்கிழம" என்றான். கையில் செல்போன். அதில் காலண்டர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா எழுந்து, "மிஷினும் எம் பொண்ணும் ஒண்ணாய்யா?" என்று கத்தினார். ஒன்றில்லைதான். மிஷின் சட்டைப் பையில் அடங்கியது, கவுன் கேட்கவில்லை. அதோடு சரி. இப்போது அவளுக்குப் பிடித்த வேலை, மெடிக்கல் ஷாப்பில் காலாவதியான மாத்திரைப் பட்டைகளைப் பிரித்தெடுப்பது. அதில் மாதமும் வருடமும்தான் போட்டிருப்பார்கள், தேதி கிடையாது. கிழமை வந்து நிற்காது. நிம்மதி.

புகழ்வேந்தன் பத்தேகாலுக்கு வந்தான். மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, போனை மாட்டி, சன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டான். வெளியே, போன வருடம் வரைக்கும் நெல் விளைந்த எதிர்க்கழனியில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. "அந்த பிளாட்டு வுழாம எடுக்கறேன்க்கா, கிராமம் மாதிரி இருக்கட்டும்" என்றான். பிறகு ஷோகேசில் இருந்த ஷீல்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கவுன் போட்ட போட்டோக்களைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுலகூட சிரிக்கலையேக்கா" என்றான். அவள் போட்டோக்களை வாங்கி ஷோகேசில் திருப்பி வைத்தாள்.

செல்லப்பன் சட்டை மாற்றி, விபூதி பூசி, நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்திருந்தார். சிவப்புப் புள்ளி எரிந்ததும் யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். "பெரியோர்களே, தாய்மார்களே! என் மகள் கீதாஞ்சலி. வயது நான்கு. பிறந்த தேதி பதினாலு மூணு எண்பத்தொம்போது. எந்தத் தேதியை வேண்டுமானாலும் நீங்கள் கேட்கலாம்." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கீதாஞ்சலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை மாதமாயிற்று, இந்தக் குரலைக் கேட்டு.

புகழ்வேந்தன் நாலைந்து தேதி கேட்டான். அவள் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவன் இன்னொரு போனைப் பார்த்துக்கொண்டு, "கரெக்ட்டுக்கா, சூப்பருக்கா" என்றான். அப்பா ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார். இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா, நான் எப்பப்பா பொறந்தேன்?"

"பதினாலு மூணு எண்பத்தொம்போது."

"அது இல்லப்பா. நெஜமா."

"பதினாலு மூணு எண்பத்தொம்போது" என்றார் இன்னும் உரக்க, முதல் தடவை மைக் வேலை செய்யவில்லையோ என்கிற மாதிரி. தினமும் காப்பி நேரத்தில் அவள் கேட்பதும், அவர் இதையே சொல்லுவதும்தான். இன்றைக்கும் அதே கதை என்று அவள் சோர்ந்துபோனாள். இனி யாரைக் கேட்பது? அவரோடு அதுவும் போய்விடும். ஒன்றும் கிடைக்காமல் இந்தக் கூத்துக்கு ஒத்துக்கொண்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பேச்சு அறுந்துபோகாமல் இருக்கட்டும் என்றுதான் புகழ்வேந்தன் அதைக் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அய்யா, அந்தப் பதினாலு மூணு எண்பத்தொம்போது அன்னிக்கு இன்னா நடந்திச்சி? ஞாபகம் இருக்குதா?"

முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தேதியைக் கேட்டிருப்பார்கள். எல்லாரும் கிழமையைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கீதாஞ்சலிக்கே கேட்கத் தோன்றவில்லை. எதையோ காதில் வாங்குகிற மாதிரி செல்லப்பன் தலையைச் சாய்த்தார்.

"செவ்வாக்கெழம. நல்ல வெய்யிலு. விடியகாத்தாலயே வலி எடுத்துடுச்சி தையலுக்கு. கண்ணையன் மாட்டு வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பா வழியெல்லாம் ஒரே அழுவ. வண்டியில எடம் ஏது? தோள்ல போட்டுகினு பின்னாலயே நடந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பன்னு வாங்கிக் குடுத்தேன் பாரு, அப்பறந்தான் வாய மூடுச்சி."

"எந்தப் பாப்பாங்கய்யா?"

"இன்னாபா இது, எந்தப் பாப்பான்னு கேக்கற? கீதா பாப்பாதான். பன்ன தின்னுட்டு என் சட்டையெல்லாம் எச்சி பண்ணிட்டா" என்று சொல்லி, தோள்பட்டையைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டார்.

கீதாஞ்சலி அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் பிறந்த தேதி என்று ஊரெல்லாம் சொன்ன அந்த நாளில் அவள் அந்தத் தோளில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில பொறந்தது யாருப்பா?" என்று கேட்டாள்.

"சின்னது. அதுவும் பொண்ணுதான். உன்னவிட செவப்பு." அவர் கேமராவை மறந்துவிட்டிருந்தார். "பதினாறாம் நாள் பேர் வெக்கலாம்னு இருந்தோம். எங்க? பதினோரு நாள்தான் இருந்திச்சி. எதுக்க கழனியில வாய்க்கா ஓரமா, அந்தப் பனமரத்தாண்ட கொண்டுபோயி நானும் கண்ணையனும்... தையலு வராத வராதன்னா கேக்காம பின்னாலயே ஓடியாந்தா."

மார்ச் பதினாலிலிருந்து பதினோரு நாள். இருபத்தஞ்சு. சனிக்கிழமை என்று அவள் நாக்கில் வந்து நின்றது. அந்த நேரத்திலும் வந்து நின்றது. தன் வித்தையின்மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"ஆஸ்பத்திரி சீட்டு மட்டும் வூட்டுல இருந்திச்சி. பேர் எழுதற எடம் காலி. உன்ன பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா பொறந்த சீட்டு கொண்டாங்கறான். நீ வூட்டுலயே பொறந்தவ, உனுக்கு ஏது சீட்டு? இருந்தது அந்த ஒண்ணுதான். கீதாஞ்சலின்னு பேர சேத்து எழுதி வாங்கினு வந்துட்டேன். இன்னா தப்பு? அதுவும் எம் பொண்ணு, இதுவும் எம் பொண்ணு." தோள்பட்டையை மறுபடியும் தட்டிவிட்டுக்கொண்டார். "அந்த சீட்டப் பாத்துட்டு தையலு ரெண்டு நாள் சோறு துன்னல. அதுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதையும் இதுக்குக் குடுத்துட்டியேன்னா."

அப்பா பொய் சொல்லி ஏமாற்றுகிறவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், இருந்த தாளைக் கொடுத்தார், அவ்வளவுதான் அவருக்கு. சேர்த்த கொஞ்ச நாளிலேயே மகள் கிழமை சொல்ல ஆரம்பித்ததும், நாலு வயது என்று ஊர் வாயைப் பிளந்ததும், பிறகு அந்தத் தாளிலிருந்து இறங்க வழியில்லாமல் போனதும் யார் எதிர்பார்த்தது? ஆனால் அம்மா. ஒவ்வொரு மேடையிலும் எழுந்து வெளியே போன அம்மா. பறிகொடுத்த பிள்ளை பிறந்த நாளை மைக்கில் சொல்லி ஊரே கைதட்டினால் எந்தத் தாய் உட்கார்ந்திருப்பாள்? கேக்கை எப்படித் தொடுவாள்? செத்த குழந்தையின் ஜாதகத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று வந்து நின்றால் அடுப்பில் போடாமல் என்ன செய்வாள்? இத்தனை வருடம் அவளைத் திட்டித் தீர்த்தோமே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கீதாஞ்சலிக்கு ஆறவில்லை. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உள்ளங்கையில் வெல்லம் வைத்தாள். அது மட்டும்தான் தவறாமல் நடந்தது, ஆஸ்பத்திரியில் படுக்கிறவரைக்கும்.

"அக்கா, கட் பண்ணிடட்டுமா?" என்றான் புகழ்வேந்தன்.

அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இப்போது விட்டால் இனிமேல் கிடையாது.

"அப்ப நான்? வூட்டுல பொறந்தேன்ன இல்ல. எந்த மாசம்பா? எந்தத் தேதி?"

செல்லப்பன் அவளை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு எதையோ தேடி அசைந்தது. பதினாலு என்று தொடங்கி, அவரே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. அந்தத் தேதியை அத்தனை ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி, மற்றது எப்போதோ அழிந்துபோயிருந்தது. அப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பெருமை பொங்குகிற பழைய சிரிப்பு.

"இன்னாம்மா என்னக் கேக்கற? தேதியெல்லாம் உனுக்குத்தான தெரியும். நீ சொல்லு."

அவள் கையை விட்டாள். எண்பத்தாறா, எண்பத்தேழா? ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை. ஜனவரி இரண்டு, ஒன்பது, பதினாறு என்று அத்தனையும் கேட்காமலே வரிசையாக வந்து நின்றன. அதில் தன்னுடையது எது என்று எதுவும் சொல்லவில்லை. தேதியைக் கொடுத்தால் கிழமை சொல்லத் தெரியும். கிழமையைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைத் தேட அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனைமரம் இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தது.

"புகழு, நீ ஒண்ணு கேளு" என்றாள்.

"இன்னா கேக்கணும்க்கா?"

"நான் இன்னா கெழமைல பொறந்தேன்னு கேளு. கேமராவுல வர்ற மாதிரி கேளு."

"அக்கா, நீங்க பொறந்தது இன்னா கெழம?"

"வெள்ளிக்கெழம" என்றாள் கீதாஞ்சலி.

பழக்க தோஷம், பாவம், அவன் விரல் போனைத் தட்டிவிட்டது. "பதினாலு மூணு எண்பத்தொம்போது... செவ்வாய்னு வருதேக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பதில் தப்பு என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான்.

"எம் பொண்ணு தப்பு சொல்லமாட்டா!" என்று செல்லப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, உதடு பிரிந்து, மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரிய வாய்விட்டுச் சிரித்தாள். செல்லப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை மேலே போனது. ஆள்காட்டி விரல் அவர் உதட்டின்மேல் போய் நின்றது.

கீதாஞ்சலி வாயை மூடவில்லை.